ஏழு ஊர், ஒரு கைக்குழந்தை, இரண்டாயிரம் டாலர்

வீட்டில் ஒரு பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்டால் செலவெல்லாம் ஓய்ந்தது என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிள்ளை மேற்படிப்புக்கு அமெரிக்கா போக ஆசைப்பட்டால் அப்புறம்தான் தெரியும் சங்கதி! பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் கட்டி முடித்து, அப்பாடா என்று உட்காரும்போது வந்து நிற்பது இன்டர்வியூவுக்காக ஊர் ஊராகப் போகும் செலவு.

நான் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன் என்ற ஊரில் குடியிருப்பவள். 2018-ம் வருஷம் அக்டோபரில் என் கடைசித் தங்கை திருச்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். எம்.பி.பி.எஸ். முடித்து, இந்த நாட்டுப் பரீட்சைகளையும் எழுதித் தேறியவள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அவள் கணவருக்கு பாங்க்கில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே அவள் உள்ளே இன்டர்வியூ கொடுக்கும்போது வெளியே குழந்தையை வைத்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. என் கணவரும் பள்ளிக்கூடம் போகும் என் மகனும், "நாங்க சமைச்சுக்கறோம், நீ போயிட்டு வா" என்று தைரியம் சொன்னார்கள்.

இந்த இன்டர்வியூ நம் ஊர் வேலை இன்டர்வியூ மாதிரி இல்லை. செப்டம்பரில் விண்ணப்பம் போடுகிறார்கள். அந்த வருஷக் கணக்குப்படி முதல் பத்து இடங்களுக்குச் சேர்த்து 99 டாலர். அதற்கு மேல் போகப் போக ஓர் இடத்துக்கான கட்டணம் ஏறும். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 26 டாலர். நூறு இடத்துக்குப் போட்டால் 2,239 டாலர் ஆகிவிடும்! அதில் பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ. எந்த ஆஸ்பத்திரியும் உடனே "வேலை உனக்குத்தான்" என்று சொல்லாது. தனக்குப் பிடித்த இடங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி டாக்டர் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் அதே மாதிரி தன் பட்டியலைக் கொடுக்கும். இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்த்து மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள். இந்த ஏற்பாடு 1952-லிருந்தே நடக்கிறது. கல்யாணப் பொருத்தம் கெட்டது போங்கள்!

ஆகவே ஓர் இடத்தில் நன்றாகப் பேசிவிட்டோம், இத்தோடு போதும் என்று நிறுத்த முடியாது. பட்டியலில் எத்தனை ஊர் சேருகிறதோ அத்தனை பிடிமானம். ஒவ்வொரு பிடிமானத்துக்கும் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு. அதுதான் சிக்கல்.

அஞ்சறைப் பெட்டிக் கணக்கு

தங்கை கையில் கொண்டுவந்தது 2,000 டாலர். அந்த அக்டோபரில்தான் டாலர் 74 ரூபாயைத் தொட்டிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய்! கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வந்த பணம். விமான டிக்கெட்டும், தனக்கும் குழந்தைக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸும் ஊரிலேயே வாங்கிவிட்டாள். இந்த நாட்டில் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் மொத்தப் பணமும் ஒரே நாளில் கரைந்துவிடும். ஆகையால் இன்ஷூரன்ஸில் மட்டும் சிக்கனம் கூடாது.

வந்த அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஐந்து கவர் எடுத்தோம். பயணத்துக்கு 800 டாலர். தங்க 300. குளிர் உடுப்புக்கும் செருப்புக்கும் 250. சாப்பாட்டுக்கும் உள்ளூர் வண்டிக்கும் 250. ஐந்தாவது கவரில் 400 டாலர் வைத்து ஒட்டி, "தொடாதே" என்று எழுதினேன். கடுகு தீர்ந்தால் கடுகு அறையைத்தான் நிரப்பலாம், மஞ்சள் அறையில் கை வைக்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

தங்கை கேட்டாள். "அக்கா, கையிலே இருக்கிறதே கொஞ்சம். அதிலே நானூறை ஒட்டி வைக்கணுமா?"

"கடைசி நேரத்திலே யாராவது வராம போனா அந்த இடத்துக்கு உன்னைக் கூப்பிடுவாங்கன்னு நீதானே சொன்னே? கூப்பிட்டா எதை வெச்சுப் போவே?" என்றேன். அவள் அப்புறம் பேசவில்லை.

இன்டர்வியூவுக்குக் கறுப்பு கோட்டும் பான்ட்டும் வேண்டும். அதைத் திருச்சியிலேயே தைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேலே போடும் கம்பளிக் கோட்டைப் பழைய துணிகள் விற்கும் கடையில் வாங்கினோம். பார்த்தால் பழையது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். பனியில் நடக்கும் பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்கினோம். காலில் ஈரம் ஏறினால் முகத்தில் சிரிப்பு வராது!

பனிக்கு முந்திய பஸ்

முதல் இரண்டு இன்டர்வியூவும் நியூயார்க்கிலேயே, ப்ரூக்ளினில் ஒன்று, ப்ராங்க்ஸில் ஒன்று. எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை ரயில். அப்புறம் சுரங்க ரயில். அப்போது 2 டாலர் 75 சென்ட் கொடுத்தால் எவ்வளவு தூரமும் போக முடிந்தது. குழந்தையோடு நான் வீட்டில் இருந்தேன். தங்கும் செலவே இல்லை.

மூன்றாவது பென்ஸில்வேனியாவில் ஸ்க்ராண்டன். நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். நவம்பர் 16-ம் தேதி காலையில் இன்டர்வியூ. முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் போனால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் ஒரு பகல் கையிருப்பு வேண்டும் என்று 15-ம் தேதி காலை பஸ்ஸிலேயே கிளம்பினோம். மதியத்துக்கு மேல் பிடித்தது பாருங்கள் பனி! நியூயார்க் மத்தியப் பூங்காவில் மட்டும் ஆறு அங்குலம். நாங்கள் காலையில் ஏறிய அதே பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லாமல் ஜனங்கள் தவித்ததை ராத்திரி ஹோட்டல் டெலிவிஷனில் பார்த்தோம். குழந்தை கட்டிலில் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஸ்க்ராண்டன் ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த ஊர். 1886-லேயே மின்சார டிராம் விட்டதால் 'மின்சார நகரம்' என்று பெயர். பழைய நீராவி எஞ்சின்களை அழகாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். மலைச் சரிவில் வரிசை வரிசையாக மரவீடுகள். சுரங்க வேலைக்குப் பல தேசத்திலிருந்து வந்தவர்களின் சந்ததிகள் இன்றும் இருக்கிறார்கள். இருவருக்கும் போக வர பஸ்ஸுக்கு 90 டாலர், ஹோட்டலுக்கு 85, மற்றது 30.

ஹட்ஸன் நதியோடு ஒரு பயணம்

டிசம்பரில் வந்தது பெரிய யாத்திரை. சிரக்யூஸ், டொலிடோ, சிகாகோ என்று மூன்று அழைப்புகள். தனித்தனியாக விமானத்தில் போய் வந்தால் பயணக் கவர் கிழிந்தே போயிருக்கும். தேசப்படத்தை விரித்துப் பார்த்தோம். மூன்று ஊரும் ஒரே ரயில் பாதையில் மணி கோத்த மாதிரி இருக்கின்றன! உடனே தங்கை மூன்று ஆஸ்பத்திரிக்கும் மரியாதையாக எழுதி, தேதிகளை ஒரே வாரத்துக்குப் பக்கத்தில் மாற்றிக் கேட்டாள். இரண்டு இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது தானாகவே பொருந்தியது. பணத்தை மிச்சம் பிடித்தது அந்தக் கடிதங்கள்தான்.

திங்கட்கிழமை காலை நியூயார்க் பென் ஸ்டேஷனில் டொரான்டோ வரை போகும் ரயிலில் ஏறினோம். இந்தப் பக்கம் போகும்போது இடது ஜன்னலில் உட்கார வேண்டும். ஹட்ஸன் நதி ஆல்பனி வரை கூடவே வருகிறது. காவிரி அகண்டு ஓடும் இடத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கே வாய் பிளந்தது. கரையில் இலை உதிர்ந்த காடு. தண்ணீர் ஓரத்தில் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ். இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. சீட் அகலம், காலை நன்றாக நீட்டலாம். வீட்டிலிருந்து கொண்டுபோன சப்பாத்தியையும் தக்காளித் தொக்கையும் பிரித்தோம். பின் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறதே என்றாள். அவளுக்கும் ஒன்று!

மதியம் சிரக்யூஸ். வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் பனி விழும் ஊர். பக்கத்து ஒன்டாரியோ ஏரியின் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிடாது. அதன் மேலே குளிர்காற்று வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. ஊர் ஜனங்களோ நாம் மழையைப் பார்ப்பது போலச் சாதாரணமாகப் பார்க்கிறார்கள்.

மறுநாள் தங்கை ஏழு மணிக்கே கிளம்பினாள். போகுமுன் பால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எடுத்த தாய்ப்பால் அறைச் சூட்டில் நாலு மணி நேரம், குளிர்ப்பெட்டியில் நாலு நாள் வரை கெடாது. ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே எழுதி, நடுவில் கால் மணி நேரமும் ஓர் அறையும் கேட்டிருந்தாள். கேட்கவே அவளுக்குக் கூச்சம்தான். "பால் கட்டிக்கிட்டு வலியோட உக்கார்ந்து என்ன பதில் சொல்லுவே? கேளு" என்றேன். அங்கே இருந்த பெண்மணி முகம் சுளிக்காமல் ஏற்பாடு செய்தாளாம். இளம் தாய்மார்கள் இதை மட்டும் கேட்கத் தயங்காதீர்கள்.

அன்று ராத்திரி பத்து மணி சுமாருக்குச் சிகாகோ ரயில். ராத்திரி ரயிலில் ஏறினால் பயணமும் ஆயிற்று, ஹோட்டல் வாடகையும் மிச்சம். ஆனால் ஒரு விஷயம். இன்டர்வியூவுக்கு முந்தின இரவு மட்டும் ஒருபோதும் ரயிலில் கழிக்கவில்லை. தூங்காத முகத்தோடு போனால் மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமே இல்லை அல்லவா?

கண்ணாடி நகரம்

கிளீவ்லாண்ட் தாண்டியது தூக்கத்தில். புதன்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் இறங்கினோம். கும்மிருட்டு, ஊசி குத்தும் காற்று. அங்கே ஒரு ராத்திரி வாடகையை ஆஸ்பத்திரியே கொடுத்தது. அந்த நாளில் பல இடங்களில் அந்த வழக்கம் உண்டு. சில இடங்களில் ஹோட்டலில் சலுகை வாடகை வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

பகலில் போக ஓர் இடம் வேண்டுமே! டொலிடோவில் 1901-ல் தொடங்கிய பெரிய கலைக் காட்சிசாலை இருக்கிறது. நுழைவுக் கட்டணமே இல்லை. 1888-ல் இங்கே கண்ணாடித் தொழிற்சாலை கொண்டுவந்த லிபி என்பவர் உண்டாக்கியது. அதனாலேயே 'கண்ணாடி நகரம்' என்று பெயர். எதிரே சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு தனிக் கட்டடம். உள்ளே உருகிய கண்ணாடியைக் குழாயில் ஊதிக் குடம் செய்து காட்டுகிறார்கள். ஆரஞ்சுப் பழம் மாதிரி ஜொலித்த உருண்டையைப் பார்த்துக் குழந்தை கை கொட்டியது. வெளியே உறைபனி, உள்ளே கதகதப்பு, செலவு பூஜ்யம்!

அன்று மாலை அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் இன்டர்வியூக்காரர்களுக்கு விருந்து வைத்தார்கள். தங்கை மருத்துவத்தைப் பற்றி மட்டுமா கேட்டாள்? வீட்டு வாடகை எவ்வளவு, குழந்தைக் காப்பகத்துக்கு மாதம் என்ன ஆகும், இரவுப் பணி அன்று யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு குழந்தை பெற்ற ஒரு டாக்டர் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாளாம். அறைக்கு வந்தவள் முகத்தில் ஒரு தெளிவு. "அக்கா, இங்கே குடித்தனம் பண்ண முடியும்னு தோணுது" என்றாள். நேரில் போனால்தான் இப்படித் தோன்றும்.

வியாழன் இன்டர்வியூ முடிந்து, வெள்ளிக்கிழமை காலை அதே ஆறு மணி ரயிலில் சிகாகோ. 1925-ல் திறந்த யூனியன் ஸ்டேஷனின் பெரிய மண்டபத்தில், மர பெஞ்சில், குழந்தைக்கு ராகிக் கஞ்சி ஊட்டினேன். எங்கள் மாமியார் வழித் தெரிந்தவர்கள் புறநகரில் இருந்தார்கள். மூன்று ராத்திரி அங்கே. தங்க இடம் கொடுத்தவர்கள் வீட்டில் விருந்தாளியாக உட்காரக் கூடாது என்பது என் கொள்கை. சனிக்கிழமை நான் முறுக்கு சுற்றிக் கொடுத்தேன். ஞாயிறு அரோரா பாலாஜி கோயில் தரிசனம். திங்கட்கிழமை இன்டர்வியூ, அன்று இரவே திரும்பும் ரயில். செவ்வாய் சாயங்காலம் நியூயார்க்!

எட்டு இரவில் நாங்கள் வாடகை கட்டியது இரண்டே இரவு. ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து 486 டாலர், ஹோட்டல் 192, டாக்ஸி 74, சாப்பாடு 58, சிகாகோ உள்ளூர் ரயிலும் சில்லறையும் 40. மொத்தம் 850.

ஒட்டிய கவர்

ஜனவரியில், எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனிலிருந்து அழைப்பு. ஒரு வாரத்தில் வர வேண்டும். "ஆறு ஊர் ஆச்சே, போதாதா?" என்றார் என் கணவர். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தங்கை பதில் சொல்லாமல் அலமாரியைப் பார்த்தாள். நான் கவரைப் பிரித்தேன்.

அங்கே ரயிலில் போய் வர நாள் போதாது, விமானம்தான். இருவர் போகப் பணம் போதாது. ஆகவே குழந்தையை விட்டுவிட்டு முதன்முதலாக அவள் தனியாகப் போனாள். நாலு நாளாகப் பால் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் சேர்த்தோம். போன இடத்தில் எடுத்த பாலையும் கொட்டாமல் கொண்டுவந்தாள். விமானத்தில் தண்ணீர் புட்டிக்குத் தடை உண்டு, தாய்ப்பாலுக்கு இல்லை. சோதனையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் ராத்திரி குழந்தை புட்டியைத் தொடவே இல்லை. அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை! கடைசியில் ஊரிலிருந்து வந்த வெள்ளிப் பாலாடையில் புகட்டினேன், குடித்துவிட்டுத் தூங்கியது. தங்கைக்கு, "தூங்கிட்டா, நீயும் தூங்கு" என்று மட்டும் சொன்னேன். விமானம் 236 டாலர், சலுகை வாடகை அறை 89, உள்ளூர் வண்டி 60. கவரில் மிஞ்சியது 15 டாலர்.

பிப்ரவரியில் அவள் ஊர் திரும்பும்போது ஐந்து கவரையும் கொட்டி எண்ணினோம். 235 டாலர் இருந்தது. அந்தப் பணத்தை அப்படியே அடகுக் கடை வட்டிக்கு வைத்துக்கொண்டாள்.

2019 மார்ச் 11-ம் தேதி திங்கட்கிழமை, திருச்சியில் இரவு எட்டரை மணி. இடம் உண்டு என்று மட்டும் தகவல் வந்தது. எந்த ஊர் என்று சொல்ல வெள்ளிக்கிழமை வரை காக்க வைத்தார்கள். டொலிடோ! அவள் பட்டியலில் முதலாவதாக எழுதிய ஊர்.

அப்படியானால் ஹூஸ்டன் செலவு வீண்தானே என்று கேட்டவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முடிவு தெரியாத அந்த இரண்டு மாதமும், "கூப்பிட்ட இடத்துக்கு எல்லாம் போய் வந்தேன்" என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். 385 டாலருக்கு அது கிடைத்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. கொரோனா வந்த 2020-லிருந்து இந்த இன்டர்வியூக்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் திரையிலேயே நடக்கின்றன. சில இடங்களில்தான் நேரில் வரச் சொல்கிறார்கள். செலவு குறைந்தது பெரிய ஆறுதல். ஆனால் திரையில் பார்த்து ஊரை எடை போட முடியாது. ஆகையால் பட்டியல் எழுதுமுன் அங்கே படிக்கும் தாய்மார் ஒருவரையாவது தேடிப் பிடித்து, வாடகையையும் குழந்தைக் காப்பகத்தையும் பற்றிக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கைக்குழந்தையோடு எந்த ஊர் இன்டர்வியூவுக்குப் போனாலும் உதவும் சில விஷயங்கள்:

கிட்டக் கிட்ட இருக்கும் ஊர்களின் தேதியைச் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருபவர்கள் உண்டு.

ஹோட்டல் அறையில் குளிர்ப்பெட்டியும் மைக்ரோவேவும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். புளிக்காய்ச்சல் புட்டி ஒன்று இருந்தால் சோறு மட்டும் வெந்தால் போதும்.

டாக்ஸிக்காகக் குழந்தையின் கார் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் இரவல்தான் வாங்கினோம். பட்டையைப் போடும்போது தடிமனான கோட்டைக் கழற்றிவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். கோட்டோடு கட்டினால் பட்டை இறுக்கமாகப் பிடிக்காது.

இன்டர்வியூ உடுப்பையும் சான்றிதழ்களையும் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி பிந்தி வந்தாலும் கவலை இல்லை.

கடைசியாக, கையில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வையுங்கள். அதைப் பிரிக்க வேண்டிய நாளில், யாரிடமும் கை நீட்டாமல், "போய்ட்டு வா" என்று வீட்டுப் பெண்ணிடம் சொல்ல முடியும்.